கேக்கில் எழுதிய பேர்

கெட்ட பூவைக் கண்டால் ஜெயமணி வாயைத் திறக்க மாட்டாள். கையிலிருக்கும் கட்டரின் பிடியால் ஸ்டீல் மேசையில் இரண்டு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான். பேக்கிங் ஹாலில் இருக்கிற அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்புவார்கள். இதழோரத்தில் சாம்பல் பூத்த மொட்டோ, கழுத்து தொங்கிப்போன ரோஜாவோ, கட்டுக்குள் போய் ஒளிந்துகொண்ட பூச்சி விழுந்த இலையோ அவள் கண்ணில் பட்டிருக்கும். வருஷக்கணக்காக இதுதான் பழக்கம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு லைன் லீடர் பூங்கொடி முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

"ஜெயா தட்டுனா நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

பாகலூர் சாலையில் இருந்தது அந்த ரோஜா கம்பெனி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸ்கள், நடுவில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற பேக்கிங் ஹால், அதை ஒட்டிக் குளிர் அறை. பூ பெங்களூர் போய் விமானம் ஏறிவிடும்.

ஜெயமணிக்கு ஊர் ஊத்தங்கரைப் பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் நாக்கு எழாது. தெரியாமல்தான் நிற்கிறாள் என்று வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். அம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டு வேலையைச் சாக்காக வைத்து அவளே நின்றுகொண்டாள். கட்டிக்கொண்ட பரமசிவத்துக்கு ஓசூரில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. பாகலூரில் ஒரு லைன் வீட்டில் குடியேறினார்கள். அடுத்த வாசலில் இருந்தவள் பூங்கொடி. வேப்பனப்பள்ளிக்காரி. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சமாதானம் சொல்லி முடிப்பாள்.

அவள்தான் ஜெயமணியைக் கம்பெனிக்கு அழைத்துப்போனாள். எச்.ஆர். மோகன்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். ஜெயமணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, ஊமையா?"

"பேசாது சார். ஆனா பாக்கும்" என்றாள் பூங்கொடி. "பூவுக்கு வாய் எதுக்குங்க?"

அப்படிக் கிடைத்த வேலை. பூங்கொடிக்கு அந்த வேலை இன்னும் அவசியம். அவள் புருஷனுக்கு மிஷினில் வலது கை போனதிலிருந்து வீட்டில் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

பூங்கொடி கண்டிப்பானவள். தலையில் துணி கட்டாமல் ஹாலுக்குள் வரக் கூடாது, கையுறை இல்லாமல் பூவைத் தொடக் கூடாது. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்று இருக்கும். வெளியிலிருந்து நோய் உள்ளே வராமலிருக்க அதில் கால் நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒருநாள் காலை, ஹாலுக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை, ஜெயமணி வாசலில் நின்று தட்டுக்கு மருந்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மோகன்குமார் புதுத் தோல் ஷூவோடு தட்டைத் தாண்டி ஓர் எட்டு எடுத்து வைத்தார். பூங்கொடி கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள்.

"நனைச்சிட்டு வாங்க சார்."

"ஏம்மா, புது ஷூ!"

"ஷூவுக்கு தெரியுமா சார், நீங்க எச்.ஆர்.னு?"

அவர் சிரித்துவிட்டார். ஷூவை நனைத்தார். "யப்பா, பெரிய ஹிட்லரும்மா நீ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அன்று மத்தியானம் எல்லோர் எதிரிலும் இன்னொரு தரம், "ஹிட்லர் அக்கா எங்கே?" என்று கேட்டார். பேர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஹாலில் அவளை யாரும் லைன் லீடர் என்று கூப்பிட்டதில்லை. ஹிட்லர் அக்கா பாக்ஸ் கேக்குது, ஹிட்லர் அக்காவுக்கு டீ வெச்சியா என்றுதான் பேச்சு. பூங்கொடியும் கோபப்பட்டதில்லை. கண்டிப்பான வாத்தியாருக்கும் முறைக்கிற மாமனாருக்கும் ஊரில் வைக்கிற பேர்தானே. சுத்துப்பட்டுப் பெண்களை லோடு ஏற்றிக்கொண்டு வரும் கமலக்கண்ணனின் டெம்போவில்கூடப் பின்கண்ணாடி முழுக்க ஹிட்லர் முகம்தான் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. குட்டை மீசையும் சரிந்த முடியும். யாரோ பழைய காலத்து மிலிட்டரிக்காரர் என்று ஜெயமணி நினைத்திருந்தாள்.

கம்பெனிக்கு வருஷத்தில் இரண்டு முறை யோராம் என்று ஒருவர் வருவார். இஸ்ரேல்காரர். பாலிஹவுஸ் போட்டுக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள், கூட்டாளியும்கூட. அறுபது தாண்டிய மனிதர். செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் நிற்பார். அதனாலேயே ஜெயமணிக்கு அவரைப் பிடிக்கும். மேலே ஏ.சி. அறையில் சாப்பாடு வைத்திருந்தாலும் ஹாலுக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்து எலுமிச்சஞ்சோறு சாப்பிடுவார். ஹாலிலேயே மூத்தவளான சென்னம்மாள் முட்டி வலியோடு நொண்டுவதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரும்போது களிம்பு கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை. ஒன்று "நல்லா இருக்கு". இன்னொன்று "அக்கா". எல்லோரும் அவருக்கு அக்காதான், சின்னப் பெண் சௌமியா உட்பட. சௌமியா டிகிரி படித்தவள், பூவைச் சோதிக்கிற வேலை. அவருக்கும் பெண்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வதும் அவள்தான்.

பூங்கொடியின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கலாம் என்று ஆரம்பித்தவள் சென்னம்மாள். சௌமியாவும் ஜெயமணியும் பாகலூர் பேக்கரிக்குப் போனார்கள். என்ன எழுதட்டும் என்று பேக்கரிக்காரர் கேட்டதும் சௌமியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார்: ஹிட்லர் அக்காவுக்கு வாழ்த்துக்கள்.

கேக்கை மேசையில் வைத்து ஜெயமணி பெட்டி மூடியைக் கழற்றும் நேரத்தில் யோராம் ஹாலுக்குள் வந்தார். கைதட்டினார். பூங்கொடி முதல் துண்டை வெட்டி விருந்தாளி என்று அவருக்கே கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு, அக்கா" என்றார். ஹாலே சிரித்தது. சௌமியா போனில் படம் எடுத்து ஹால் குரூப்பில் போட்டாள். படத்தில் யோராம் சிரிக்கிறார், பூங்கொடி சிரிக்கிறாள், பெட்டி மூடியோடு ஜெயமணி ஓரமாக நிற்கிறாள், நடுவில் கேக், வெள்ளை க்ரீமில் அந்தப் பேர்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் நினைக்கவில்லை.

போன பிப்ரவரி சீசனில்தான் தகராறு ஆரம்பித்தது. பாலிஹவுஸில் மருந்து அடித்தால் கதவில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி கட்டியிருக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. காதலர் தினத்துக்கு ஆர்டர் குவிந்துகிடந்ததால் நேரம் முடியுமுன்னே துணியை அவிழ்த்துப் பெண்களை உள்ளே அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒருத்தி வாந்தியெடுத்தாள். இன்னொருத்திக்குக் கண் வீங்கிப்போனது. பூங்கொடி கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"துணி அவுக்கற நேரம் வரட்டும். அதுவரைக்கும் எம் பொம்பளைங்க ஒருத்தியும் உள்ள போவ மாட்டா."

"எம் பொம்பளைங்களா? கம்பெனி உம்பேர்ல எழுதியிருக்குதா?" என்றார் மோகன்குமார்.

"நெஞ்சு எங்களுது சார். உள்ள போறது எங்க மூச்சு. நான் கிருஷ்ணகிரி போயி பெரிய ஆபீசுலயே எழுதிக்குடுக்கறன்."

அவர் திரும்பி நடந்தார். அவர் கத்தாமல் போனதுதான் ஜெயமணிக்குப் பயமாக இருந்தது. கத்துகிற மனிதர்களிடம் அவளுக்குப் பயமில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி தன் போனில் ஒரு ஸ்டேட்டஸ் வைத்தாள். காசாவில் ஒரு தகப்பன், வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும் படம். கீழே அவளே எழுதியிருந்தாள்: "பச்சப்புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? இஸ்ரேல் அரசாங்கம் இதை நிறுத்தணும்." ஜெயமணியும் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு கை கும்பிடுகிற பொம்மையை அனுப்பினாள்.

திங்கட்கிழமை பூங்கொடியை மேலே கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?" என்றாள் சென்னம்மாள்.

"யூத வெறுப்பாம். நம்ம கூட்டாளி யூதரு, அவரு மனசு நோவற மாதிரி போட்டுட்டன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"யூதருன்னா யாரு?"

"யோராம் சாரோட ஜனம்."

சென்னம்மாள் மோரை உறிஞ்சுவதை நிறுத்தினாள். "அவரு வெள்ளக்காரரு இல்லயா? நமக்கு அந்த ஜனத்துல தெரிஞ்சதே அவரு ஒருத்தருதான். அவர போயி யாரு வெறுத்தாங்க? எம் முட்டிக்கு களிம்பு குடுத்த மனுசன்."

"அத்தத்தான் நானும் சொன்னன். சார், நான் எந்த ஜனத்தையும் சொல்லல. புள்ளைங்கள கொல்லாதீங்கன்னு அரசாங்கத்த சொன்னன். நம்மூரு அரசாங்கத்த நாம திட்டறதில்லயா, அதுக்காக நாம நம்ம ஜனத்தையே வெறுக்கறமான்னு கேட்டன்."

"அதுக்கு?"

"எழுதிக்குடுங்குறாரு. நான் முடியாதுன்னுட்டன்."

"சும்னிரு பூங்கொடி" என்றாள் சென்னம்மாள் கன்னடத்தில். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

பூங்கொடி சும்மா இருந்திருந்தாலும் நடந்திருக்குமோ என்னவோ. அந்த ஸ்டேட்டஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்று மோகன்குமாருக்குத் தெரிந்திருந்தது. அவர் தேடினார். ஹால் குரூப்பில் பழையதையெல்லாம் தோண்டினார். கேக் படம் கிடைத்தது.

மார்ச்சில் யோராம் வந்தார். அந்த முறை அவர் சாப்பாட்டுக்கு ஹாலுக்கு வரவில்லை. சாயங்காலம், பெண்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தார். கூடவே மோகன்குமார், சௌமியா. யோராம் தன் போனை ஸ்டீல் மேசை மேல் வைத்தார். கேக் படம். அவர் சௌமியாவிடம் ஏதோ கேட்டார். எது அந்தப் பேர் என்று கேட்டிருக்க வேண்டும். சௌமியா விரலை வைத்துக் காட்டினாள். அவர் அந்த எழுத்துகளின் மேல் தன் விரலை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அடுத்திருந்த எழுத்துகளையும் கேட்டார். சௌமியா, "அக்கா" என்றாள்.

பிறகு மெதுவாகப் பேசினார். சௌமியா அதைத் தமிழில் சொன்னாள்.

"அவங்க அம்மாவுக்கு ரெண்டு அக்கா இருந்தாங்களாம். சின்னப் பொண்ணுங்க. இந்த ஆளோட ஆட்சியில யூதருங்கன்ற ஒரே காரணத்துக்காக ரயில்ல ஏத்தி கொண்டுபோயி கொன்னுட்டாங்களாம். ஊரு ஊரா அப்பிடி கொன்னாங்களாம். அவங்க அம்மா சாவறவரைக்கும் இந்தப் பேர வீட்டுல யாரும் சொன்னதில்லயாம். இந்தப் பேரையும் அக்காங்கறதையும் ஒண்ணா எழுதி வெச்சிருக்கீங்க, அது முன்னாடி நான் சிரிச்சிக்கிட்டு நிக்கறன்னு சொல்றாரு."

ஜெயமணி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது வெட்கம், ஏமாந்துபோனவன் படுகிற வெட்கம்.

பூங்கொடி இரண்டு கையையும் கூப்பினாள்.

"சாமி சத்தியமா தெரியாதுங்க சார். கண்டிப்பான ஆளுக்கு வெக்கற பேருன்னுதான் தெரியும். தெரிஞ்சிருந்தா அந்த கேக்க உங்க வாயில வெச்சிருப்பனா? அதுக்கு உங்க கால்ல வேணா விழறன். ஆனா அந்த ஸ்டேட்டஸுக்கு மன்னிப்பு கேக்க மாட்டங்க. உங்க அம்மாவோட அக்காங்களும் புள்ளைங்கதான், அங்க சாவறதும் புள்ளைங்கதான். சௌமியா, இத அப்பிடியே சொல்லு."

சௌமியா மோகன்குமாரைப் பார்த்தாள். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌமியா இங்கிலீஷில் சொன்னாள். ஜெயமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பூங்கொடி பேசியது இவ்வளவு, சௌமியா சொன்னது இத்துனூண்டு என்று தெரிந்தது. யோராம் நெஞ்சில் கையை வைத்துத் தலையை அசைத்தார். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாயடியில் கை கழுவும்போது ஜெயமணி சௌமியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பிடி பாக்காதீங்கக்கா. எல்லாத்துக்கும் மன்னிப்பு கேக்கறாங்கன்னு சொல்லிட்டன். வேற என்ன சொல்ல? பக்கத்துலயே மோகன் சாரு. யோராம் சாரும் அதோட சமாதானமாயிட்டாரு இல்ல? அக்காவுக்கு நல்லதுக்குதான சொன்னன்."

பிறகு அவளே போனை எடுத்துக் காட்டினாள். ஹிட்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாளாம். பரீட்சைக்குப் படித்தது, கேக்குக்குச் சொல்லும்போது மனசில் வரவில்லை என்றாள். ஒரு படத்தில் மலை மாதிரி செருப்புகள் குவிந்துகிடந்தன. கொல்லப்பட்டவர்களின் கால்களிலிருந்து கழற்றியவை. குவியலின் ஓரத்தில் வார் வைத்த சின்ன ஜோடி ஒன்று. ஜெயமணி அந்த ஜோடியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையின் படம் நினைவுக்கு வந்தது. அதில் கால் வெளியே தெரிந்தது, செருப்பில்லாமல்.

அடுத்த வாரம் பூங்கொடியை சஸ்பெண்ட் செய்தார்கள். என்கொயரி வைத்தார்கள். கம்பெனித் தரப்புச் சாட்சியாக ஜெயமணியைக் கூப்பிட்டார்கள். படத்தில் நிற்கிறாள், கேக் வாங்கப் போனவள், அதற்கும் மேல், பேசமாட்டாள்.

பூங்கொடி முந்தின நாள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காயை எடுத்து நாரெடுக்க ஆரம்பித்தாள்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம் ஜெயா. அந்தப் பேர வெச்சது யாருன்னு மட்டும் சொல்லிடு. அன்னைக்கு காலையில வாசல்ல இருந்தது அவரும் நானும் நீயும்தான், மத்தவங்க மத்தியானம்தான் கேட்டாங்க. நான் சொன்னா தப்பிக்க சொல்றன்னுவாங்க. நீ சொன்னா நிக்கும். அவரே வெச்ச பேருக்கு என்ன எப்பிடி வெளிய அனுப்புவாரு?"

ஜெயமணி தலையை ஆட்டினாள்.

"சொல்லுவ இல்ல?"

"சொல்றன்க்கா."

பூங்கொடி போனதும் பரமசிவம் உள்ளேயிருந்து வந்தான். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ வாயத் தொறந்தா உன் வேலயும் போவும்."

"ஒரு வார்த்ததான்."

"அந்த ஒரு வார்த்தய பள்ளிக்கூடத்துல சொல்லியிருந்தா நீ எங்கியோ இருந்திருப்ப" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கேலிக்குச் சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

அவள் பழகிப் பார்த்தாள். பாத்திரம் துலக்கும்போது குழாயிடம் சொன்னாள், "பேரு வெச்சது மோகன் சாருங்க." தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகவே வந்தது. குழாயை மூடிவிட்டுச் சொன்னாள். குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. மறுபடி சொன்னாள்.

என்கொயரி மேல்மாடி அறையில். நீளமான கண்ணாடி மேசை. ஒரு பக்கம் ஓசூரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், அவர்தான் விசாரிப்பவர். பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர், அப்புறம் மோகன்குமார். எதிர்ப்பக்கம் பூங்கொடி தனியாக. நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"இவங்களை ஹாலில் ஹிட்லர்னு கூப்பிடுவாங்களா? ஆமா, இல்ல, அதுமட்டும் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"கேக்கில அந்தப் பேர் எழுதியிருந்ததா?"

"ஆமாங்க. ஆனா..."

"ஆனா எல்லாம் வேணாம்மா. வெளிநாட்டு சார்கிட்ட ஸ்டேட்டஸ் விஷயத்துக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டாங்களா?"

ஜெயமணி நிமிர்ந்து பார்த்தாள். "கேக்குக்குத்தாங்க கேட்டாங்க. அந்தப் பொண்ணுதான் மாத்தி..."

"வெளிநாட்டு சாருக்கு என்ன சொல்லப்பட்டதுன்னு அவரே மெயில் போட்டிருக்கார். எல்லாத்துக்கும் மன்னிப்பு கேட்டதா. தப்பு பண்ணாதவங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறாங்க? உங்க எதிர்ல கை கூப்பினாங்களா இல்லையா?"

"கூப்புனாங்க."

கம்ப்யூட்டர் தட்டியது. கெட்டது கண்ணெதிரே பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது, மூடி போட்டுவிட்டால் வண்டியேறிவிடும். அவள் கை தானாகப் போனது. விரல் முட்டியால் கண்ணாடி மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.

எதிரே பூங்கொடி சட்டென்று தலை நிமிர்ந்தாள். வேறு யாரும் நிறுத்தவில்லை. மோகன்குமார் தண்ணீர் கிளாஸை ஜெயமணி பக்கம் நகர்த்தினார்.

"பதட்டப்படாதம்மா. தண்ணி குடி."

ஜெயமணி கிளாஸைத் தொடவில்லை. "பேரு வெச்சது நீங்கதானங்க சார்" என்றாள். குழாயிடம் சொன்னதைவிடத் தெளிவாக வந்தது. "அன்னைக்கு ஷூ நனைக்கச் சொன்னப்ப. வாசல்ல."

கம்ப்யூட்டர்க்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் சிரித்தார், அன்றைக்கு ஷூ நனைத்தபோது சிரித்த அதே சிரிப்பு.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்மா" என்றார் வக்கீல். கம்ப்யூட்டர் தட்டவில்லை.

"நான் கேக்கறன் அந்தக் கேள்விய" என்று பூங்கொடி எழுந்தாள். "ஜெயா, பேரு வெச்சது..."

"உங்க முறை அப்புறம். உக்காருங்க."

அந்த முறை வரவில்லை. காகிதத்தை அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜெயமணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆமா, ஆமா, ஆமா. அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தேடினாள். இல்லை. கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஷிப்ட் வண்டி ஹாரன் அடித்தது.

"சொன்னதுதானே எழுதியிருக்கு? இதுல பொய் ஏதாவது இருக்கா?" என்றார் வக்கீல்.

பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒரு பொய்கூட இல்லாமல் எப்படி இது இப்படி ஆயிற்று. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். பரமசிவம் சொன்னது காதில் ஓடியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது பூங்கொடி முன்னால் போனாள். கீழே செருப்பை மாட்டிக்கொண்டே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

யூத வெறுப்பைப் பரப்பியதற்காகவும் வெளிநாட்டுக் கூட்டாளியின் மனத்தைப் புண்படுத்தியதற்காகவும் வேலைநீக்கம் என்று பூங்கொடிக்குக் கடிதம் வந்தது. சிவப்புத் துணியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. யோராம் அப்படிச் செய்யச் சொன்னாரா என்று ஹாலில் யாருக்கும் தெரியாது. கார் ஏறும்போது, "அவர்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள், அது போதும்" என்று அவர் சொன்னதாக சௌமியா பிற்பாடு சொன்னாள். சொல்லிக்கொடுக்கவும் செய்தார்கள். ஒருநாள் பெண்களை உட்காரவைத்து, சுவரில் இங்கிலீஷில் படம் போட்டு யாரோ பேசினார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போர், நாடு, மதம் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, நிர்வாகத்தைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. ரெண்டும் ஒண்ணா என்று சென்னம்மாள் முணுமுணுத்தாள். போட்டுவிட்டு வா என்றார்கள்.

யார் எதிரிலும் வாய் திறக்காத ஜெயமணி ஒரே ஓர் ஆளிடம் தானாகப் போய்ப் பேசினாள். கமலக்கண்ணன் டெம்போவுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்த ஸ்டிக்கர எடுத்துடுங்க."

"எதுக்கு? கெத்தா இருக்குது இல்ல?"

"சின்னப் புள்ளைங்கள ரயில்ல ஏத்தி கொன்னவனாமா."

"அடேங்கப்பா, ஜெயா பேசுது பாரு!" என்று அவன் உரக்கச் சிரித்தான். "யாரு கொல்லல, சொல்லு? எல்லாரும்தான் கொல்றான். ஏறு ஏறு, லேட்டாவுது."

அவள் ஏறிக்கொண்டாள். ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த பின்சீட்டில் உட்காரவில்லை.

ஜூனில் ஜெயமணியைப் பேக்கிங் ஹாலிலிருந்து பாலிஹவுஸுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது பூங்கொடி கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் பாக்டரியில் சீசன் வேலைக்குப் போகிறாள். சீசன் இல்லாத மாதங்களில் வேலை இல்லை. கேஸ் போட்டிருக்கிறாள், தேதி தள்ளிக்கொண்டே போகிறது. யோராம் அதற்குப் பிறகு வரவில்லை, வேறொருவர் வருகிறார், அவர் மேலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். சௌமியா வேலையை விட்டுவிட்டு பெங்களூர் போய்விட்டாள். கமலக்கண்ணனின் டெம்போவில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது, தினமும் காலையும் மாலையும் கம்பெனி வாசலுக்குள் வந்து போகிறது, அதை இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஜெயமணி பாலிஹவுஸில் தண்டுக்கு ஒரு பூ மட்டும் நிற்கும்படி பக்கமொட்டு கிள்ளுகிறாள். சிவப்புத் துணியை மத்தியானமே அவிழ்த்துவிடுகிறார்கள். அவள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.